பெட்டியை நீயே அடுக்கினாயா?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

ஓகஸ்ட் மாதம் சின்னவனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவதாகச் சொன்னபோது, நீண்ட பயணத்தைவிட விமான நிலையச் சோதனையைப் பற்றித்தான் நீ கூடுதலாகக் கவலைப்பட்டாய். சப்பாத்தைக் கழற்றச் சொல்வதும் பால் போத்தலைத் திறந்து பார்ப்பதும் உண்மையில் எவரையேனும் காப்பாற்றியிருக்கின்றனவா, அல்லது பயணிகளின் மனத்துக்குத் தைரியம் கொடுப்பதற்காக நடத்தப்படும் சடங்குகளா என்று கேட்டாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய விடயமல்ல என்பதால் எழுதுகிறேன்.

சடங்கு என்று அதை ஒரேயடியாகத் தள்ளிவிட என்னால் முடியாது. 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல் முயற்சிகள் நடந்தன. அந்நாட்களில் இடுப்பில் துவக்கைச் செருகிக்கொண்டு ஏறுபவனைத் தடுப்பதற்குப் பெரும்பாலான இடங்களில் வாசலில் ஒருவருமில்லை. 1973 ஜனவரியில் எல்லாப் பயணிகளையும் உலோகங்காட்டும் கருவியின் ஊடாக அனுப்பத் தொடங்கிய பிறகு அந்த அலை சட்டென்று அடங்கிவிட்டது. கடத்தியவர்கள் போய் ஒதுங்கிய கியூபாவோடு அடுத்த மாதம் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடும் அதற்குத் துணை நின்றது உண்மைதான். ஆனாலும் பிடிபடுவோம் என்ற அச்சமே பலரை அந்த எண்ணத்திலிருந்து விலக்கிவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

அந்த வாசலை மட்டுமே நம்பியிருப்பதுதான் தவறு. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பரிசோதகர்கள், சாதாரணப் பயணிகளைப் போலச் சென்று, போலி வெடிபொருட்களையும் ஆயுதங்களையும் மறைத்துக் கொண்டுபோனபோது 70 தடவைகளில் 67 தடவை அவர்கள் பிடிபடவில்லை. 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து புறப்பட்ட விமானத்தில் சப்பாத்துக்குள் வெடிமருந்து வைத்திருந்தவனை மடக்கியவர்கள் விமானப் பணியாளர்களும் பயணிகளுமே; சப்பாத்தைக் கழற்றும் விதி அதற்குப் பிறகு வந்தது, அமெரிக்கா 2025 ஜூலையில் அதைக் கைவிட்டும்விட்டது. திரவங்களுக்கான 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடும், பிரித்தானியப் பொலிசார் 2006 இல் ஒரு சதியை முன்கூட்டியே அறிந்து முறியடித்த பின்னர் ஏற்பட்டதே.

நீ கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1986 ஏப்ரல் 17 ஆம் திகதி, லண்டன் ஹீத்ரோவில், டெல் அவிவ் நோக்கிச் செல்லவிருந்த, இஸ்ரேலின் எல் ஆல் நிறுவன விமானத்துக்கு ஓர் ஐரிஷ் இளம் பெண் வந்தாள், அவள் கர்ப்பிணி. தன்னை மணப்பதாக வாக்களித்திருந்தவன் கொடுத்த பையோடு, அவனும் பின்னால் வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில், அவள் தனியே புறப்பட்டிருந்தாள். விமான நிலையத்தின் எக்ஸ்றே இயந்திரம் அந்தப் பையில் ஒரு குறையும் காணவில்லை. அதன் பிறகு விமான நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி அவளோடு பேசினார். ஏன் தனியே போகிறீர்கள், எங்கே தங்கப்போகிறீர்கள், இந்தப் பையை யார் தந்தார்கள் என்பன போன்ற எளிய கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில்கள் அவருக்குப் பொருந்திவரவில்லை. பையை வெறுமையாக்கிய பின்பும் அது பாரமாகவே இருந்தது. அடித்தட்டுக்குக் கீழே ஒன்றரைக் கிலோ அளவு வெடிமருந்து இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது. வயிற்றிலிருந்த குழந்தையோடும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடும் தன்னைக் கொன்றுவிடக்கூடிய பொருளை, அன்போடு கொடுக்கப்பட்ட ஒரு பையாகவே அவள் சுமந்து வந்திருந்தாள். பையைக் கொடுத்தவனுக்குப் பின்னர் 45 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பதினாறு நாட்கள் கழித்து, மே 3 ஆம் திகதி, எங்கள் கட்டுநாயக்காவில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்த எயார் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் உயிரிழந்தார்கள். இங்கே அதற்கு முன் அந்த ஆபத்தைக் கண்டுகொள்ள எவராலும் முடியவில்லை.

நீ வாழும் கனடாவே இதற்கு மிகப் பெரிய விலை கொடுத்த நாடு. 1985 ஜூனில் வான்கூவரில் ஒருவன், தன் தொடர் பயணம் உறுதிப்படுத்தப்படாத நிலையிலும், பெட்டியை எயார் இந்தியா விமானத்துக்கு மாற்றி அனுப்பும்படி வற்புறுத்தினான். வரிசை நீண்டுகொண்டிருந்ததால் அங்கிருந்த பணியாளர் இணங்கினார். பெட்டி போனது, அவன் ஏறவில்லை. ரொறன்ரோவில் அன்று எக்ஸ்றே இயந்திரமும் பழுதாகிவிட்டது. அந்தப் பெட்டியிலிருந்த குண்டு வெடித்து, அயர்லாந்துக்கு அப்பால் அத்திலாந்திக் சமுத்திரத்தில் விமானத்திலிருந்த 329 பேரும் மாண்டார்கள். ஆகவே ஏறாத ஒரு பயணியின் பெட்டியைத் தேடி இறக்குவதற்காக விமானம் ஒரு மணித்தியாலம் தாமதித்தால், அருகில் இருப்பவர்களோடு சேர்ந்து நீயும் சலித்துக்கொள்ளாதே. என்னைக் கேட்டால், நீ கண்ணால் காணும் எல்லாச் சோதனைகளையும்விட அந்தத் தாமதமே பெறுமதியானது.

இதற்கும் அப்பால் என் மனத்தை விட்டு அகலாத ஒரு தகப்பன் இருக்கிறார். 2009 நவம்பரில், நைஜீரியாவின் வங்கியாளர் ஒருவர், தன் மகன் தீவிரவாதிகளோடு சேர்ந்துவிட்டான் என்று அஞ்சி, அபுஜாவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குத் தானே சென்று சொன்னார். அந்த மகனின் பெயர் ஒரு பட்டியலில் ஏறியது. விசா ரத்துச் செய்யப்படவில்லை. நத்தார் தினத்தன்று அவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தைத் தைத்துக்கொண்டு அம்ஸ்ரடாமில் சோதனையைத் தாண்டி டெற்றோய்ற் விமானத்தில் ஏறினான். வெடிமருந்து சரியாக வெடிக்காததாலும் சக பயணிகள் பாய்ந்து பிடித்ததாலும் அன்று எல்லோரும் தப்பினார்கள். பெற்ற மகனைப் பற்றி அப்படிச் சொல்வதற்கு அந்த மனிதர் தன்னோடு எவ்வளவு போராடியிருப்பார்! எந்த இயந்திரமும் தரமுடியாத தகவலை அவர் கொண்டுபோய்க் கொடுத்தார், அதைப் பெற்றவர்கள் அதன் பெறுமதியை உணரவில்லை.

எங்கள் ஊருக்கு இது புதிய கதையல்ல. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்துக்குத் தற்கொலைக் குண்டோடு வந்தவனைக் கேள்வி கேட்டு உள்ளே விடாமல் தடுத்தவர் அங்கேயே உயிரிழந்தார். அவர் தடுத்திராவிட்டால் இன்னும் எத்தனை பிள்ளைகளை இழந்திருப்போமோ. முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கைகள் இருந்தும் செயற்படத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி உட்பட உயர் பொறுப்பிலிருந்தவர்கள் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சென்றிகளை, அந்தச் சோதனைச் சாவடிகளை, கடந்து நடந்த காலம் உனக்கும் நினைவிருக்கும். பெயரையும் ஊரையும் பார்த்தே ஒருவரைச் சந்தேகிக்கும் சோதனை, அந்த மனிதர் நாளை ஓர் ஆபத்தைக் கண்டாலும் வாய் திறக்காதபடி செய்துவிடுகிறது என்பதை நாங்கள் அங்கேதான் கண்டோம். நைஜீரியாவில் அந்தத் தகப்பன் போய்ச் சொன்னது, சொன்னால் கேட்பார்கள் என்று நம்பியதால். ஆகையால் உன்னை மட்டும் தனியே அழைத்துக் கடுமையாக நடத்தினால், பணிந்து விட்டுவிடாமல் எழுத்தில் முறையிடு. அதுவும் பாதுகாப்பைச் சேர்ந்த விடயமே.

இனி உன் பயணத்துக்கு வருகிறேன். குழந்தையின் பாலுக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பொருந்தாது. அதைத் தனியாக எடுத்து வைத்துக் காட்டு, திறந்து பார்க்கக் கேட்டால் பார்க்க விடு. நீ ஊருக்குப் போகிறாய் என்று தெரிந்ததும் ஸ்காபரோவிலுள்ள உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் பார்சல்களோடு வருவார்கள். மருந்து, உடுப்பு, சொக்லேற் என்று எதுவாக இருந்தாலும், கட்டிய நிலையில் வாங்காதே. அவர்கள் முன்னிலையில் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, உன் கையால் மறுபடி அடுக்கு. அதற்குச் சம்மதிக்காதவரின் பொருள் வர வேண்டியதில்லை. பெட்டியை நீயே அடுக்கினாயா என்று அதிகாரி கேட்கும்போது, பின்னால் வரிசை நின்றாலும், யோசித்து உண்மையான பதிலைச் சொல். திரும்பிப் போகும்போது இங்கிருந்து மிளகாய்த்தூளும் கருவாடும் கொடுத்துவிட விரும்புபவர்களிடமும் இதே முறையைத்தான் கடைப்பிடிக்கப்போகிறோம். பெரியம்மாவுக்கு அது மனவருத்தமாக இருக்கலாம், அவவோடு நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா