கோடைக்கு எந்த ஒயின்? மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஜூலையில் உன் அலுவலக நண்பர்களோடு பாரிஸில் சேன் நதிக்கரையில் கூடும்போது எந்த ஒயினை எடுத்துப் போகலாம் என்றும், ரொசே என்ற இளஞ்சிவப்பு ஒயினைச் சொன்னாலே "அது ஒயினில் சேர்த்தியா?" என்று அவர்களில் ஒருவர் சிரிக்கிறாரே, அதில் நியாயம் உண்டா என்றும் கேட்டிருந்தாய். தென் பிரான்சில், பிரோவான்ஸ் பகுதியின் வார் மாவட்டத்துக் கூட்டுறவு ஒயின் நிலையத்தின் விற்பனை மேசைக்குப் பின்னால் காலமெல்லாம் நின்றவளிடம் இதைக் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்று உனக்குத் தெரியும். அதனால் பொறுமையாகப் படி.

முதலில் சிரிக்கிறவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிரோவான்ஸில் ஆ.ஓ.சே. என்ற, விளைந்த ஊருக்கு உறுதி சொல்லும் முத்திரையோடு வெளிவரும் ஒயினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரொசேதான். இத்தனை விவசாயக் குடும்பங்கள் விளையாட்டாகவா தோட்டம் வைத்திருக்கின்றன? சிவப்பு ஒயினையும் வெள்ளை ஒயினையும் கலந்தால் ரொசே ஆகிவிடும் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்; பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஷாம்பாஞ் போன்ற நுரைக்கும் ஒயினில்தான் அந்தக் கலவைக்கு இடமுண்டு. சாதாரண ரொசேவுக்கும் அதை அனுமதிக்கலாம் என்று 2009-இல் ஐரோப்பிய ஆணையம் யோசித்தபோது இங்கே எழுந்த எதிர்ப்பில் அந்த யோசனையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

உண்மையில் அது செய்யப்படும் விதம் வேறு. கறுந்திராட்சையைப் பிதுக்கினால் வரும் சாறு வெளிறித்தான் இருக்கும். நிறமெல்லாம் தோலில் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு பல நாள் ஊறவிடுகிறார்கள். ரொசேவுக்குச் சில மணி நேரம் போதும். சில இடங்களில் ஊறவிடாமல் நேரே அழுத்தியும் பிழிகிறார்கள். சூடான பழம் சீக்கிரம் நிறத்தை விடும், காற்றுப் பட்டு வாசனையையும் இழக்கும் என்பதால், ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் நள்ளிரவுக்கு மேல் அறுவடை இயந்திரங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்குகின்றன. விடிவதற்குள் பழம் நிலையத்துக்கு வந்தாக வேண்டும். பிழியும் பொறியின் கீழ் கிளாஸை நீட்டி முதல் சாற்றைப் பிடித்துப் பார்த்தால் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் கலங்கலாக இருக்கும். அழுத்தம் கூடக் கூட நிறமும் துவர்ப்பும் கூடிக்கொண்டே வரும். எந்த நொடியில் நிறுத்துவது என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. சிவப்பு ஒயினில் பின்னால் சரிசெய்துகொள்ள நாள் இருக்கிறது, ரொசேவில் இல்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விதோபான் ஊரில் 1999 முதல் ரொசேவுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அவர்கள் ரொசே நிறங்களை மாம்பழம், முலாம்பழம், பீச் என்று பழங்களின் பெயரால் வகுத்து வைத்திருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்களோ மிக வெளிறிய பாட்டிலைக் கண்ணால் பார்த்தே உயர்ந்தது என்று தீர்மானித்து எடுத்துப் போகிறார்கள். கொஞ்சம் அடர்ந்திருந்தால் இனிப்பு என்று ஒதுக்குகிறார்கள். இரண்டுமே தவறு. பிரோவான்ஸ் ரொசே வெளிறியிருந்தாலும் அடர்ந்திருந்தாலும் இனிப்பில்லாததுதான். நிறம் சொல்வது திராட்சை வகையையும் ஊறிய நேரத்தையுமே தவிர தரத்தை அல்ல. சென்சோ திராட்சை அதிகமிருந்தால் மெல்லியதாகவும் பூவாசனையாகவும் இருக்கும்; க்ரெனாஷ் திராட்சை வாயில் கனம் கொடுக்கும்; மூர்வேத்ர் திராட்சை கலந்த, பந்தோல் ஊரின் ரொசே சோற்றோடும் கறியோடும் நின்று பேசும், சில வருடம் வைத்திருந்தாலும் தாங்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் ஒயினைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். வெயிலுக்குப் பயந்து அதை மரத்துப் போகும் அளவுக்குக் குளிரவைத்துவிடுகிறோம். ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து நேரே கிளாஸுக்கு வந்த ஒயினில் வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் பல்லில் ஏறும், சிவப்பாக இருந்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். மலிவான சரக்கை உறையும் குளிரில் ஊற்றுகிற கடைக்காரருக்கு அது சௌகரியம், குறை தெரியாது. நல்ல ரொசேவுக்கு 8 முதல் 12 டிகிரி வரை போதும்; எளியது கீழ்ப்படியில், பந்தோல் போன்றது மேல்படியில். வெயிலில் 20 டிகிரியைத் தாண்டிவிட்டால் எதிர்த் துன்பம்: ஆல்கஹால் மூக்கில் குத்தும், பழவாசனை கனத்துப்போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விட்டு ஊற்று. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதே, ஏனெனில் மீதி குடிப்பதற்குள் சூடேறிவிடும். கிளாஸைக் காம்பில் பிடிக்கச் சொல்வதும் கைச்சூடு ஏறக்கூடாது என்பதற்காகத்தான், நாகரிகத்துக்காக அல்ல.

அவசரமாகக் குளிர்விக்க வேண்டுமானால் வாளியில் வெறும் ஐஸ் கட்டியைக் கொட்டாதே. கட்டிகளுக்கு இடையே காற்றுதான் நிற்கும், பாட்டிலைத் தொடுவது கொஞ்சமே. பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கை உப்பு. கழுத்துவரை அமிழ்த்தி வைத்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நதிக்கரையில் வாளி ஏது என்பாய். பருத்தித் துணியை நனைத்துப் பாட்டிலில் சுற்றி நிழலில் காற்றுப்படும் இடத்தில் வை. நம் ஊர் மண்பானை செய்கிற காரியத்தை அந்த ஈரத்துணி செய்யும்.

குளிரைவிட வெளிச்சம் பொல்லாதது. ரொசேவின் நிறம் தெரிய வேண்டுமென்று நிறமில்லாத கண்ணாடியில் அடைக்கிறார்கள். அது விற்பனைக்கு நல்லது, ஒயினுக்குக் கெடுதல். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே கந்தகச் சேர்மங்கள் உண்டாகி வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும். கடையின் சன்னலோரத்தில் அடுக்கியிருக்கும் பாட்டிலை எடுக்காதே, உள் அலமாரியில் இருப்பதைக் கேட்டு வாங்கு. துத்தநாகக் கூரைக்கு அடியில் இருக்கும் உன் அறை ஆகஸ்டில் அடுப்பாகிவிடும் என்பதால் அங்கே ஒயினைச் சேர்த்து வைக்கும் ஆசை வேண்டாம். வாங்கியதைக் கட்டிலுக்கு அடியில் இருட்டில் படுக்க வைத்து, சில வாரங்களில் முடித்துவிடு.

ரொசேவில் ஐஸ் கட்டி போட்டுக் குடிப்பதை இங்கே "பிஸீன்", அதாவது நீச்சல்குளம், என்கிறார்கள். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் கோபமில்லை. கி.மு. 600 அளவில் மார்செய் நகரை நிறுவி இந்தக் கரைக்குத் திராட்சைக் கொடியைக் கொண்டுவந்த கிரேக்கர்களே ஒயினில் தண்ணீர் கலந்து குடித்தவர்கள்தாம். (மத்தியதரைக் கடல் ஒயின் வந்த மண்சாடிகள் நம் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன; யவனர் தந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் பருகியதைப் புறநானூறு சொல்கிறது. அவர்கள் தண்ணீர் கலந்தார்களா என்று உன் தாத்தா இருந்திருந்தால் விவாதித்திருப்பார்.) சூப்பர்மார்க்கெட் ரொசேவில் ஐஸ் போடு, யாரும் அழமாட்டார்கள். பந்தோலில் மட்டும் போடாதே.

ரொசே ஒன்றுதான் கோடை என்பதும் இல்லை. மார்செய் பக்கத்துக் கஸ்ஸி ஊரின் வெள்ளை ஒயின், கடல்காற்றின் உப்பு லேசாகத் தெரிவது, வறுத்த மத்தி மீனோடு நன்றாக இருக்கும். நாந்த் நகர்ப் பக்கத்து வெள்ளை ஒயினான முஸ்கதே விலை குறைவு, ஆல்கஹாலும் குறைவு, சிப்பி மீனுக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் ருசித்ததில்லை. சிவப்பே வேண்டுமென்பவருக்கு போழொலேயை 13 டிகிரிக்குக் குளிர்வித்துக் கொடு. துவர்ப்பு குறைந்த சிவப்பு குளிர்ச்சியைத் தாங்கும், பொர்தோ தாங்காது.

நம் வீட்டுச் சாப்பாட்டைச் சமைத்து அவர்களைக் கூப்பிட்டாயானால் கவனம் வேண்டும். ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். புளிக்குழம்போ புளிப்பில்லாத ஒயினைச் சப்பென்று ஆக்கிவிடும். மீன் குழம்புக்கு லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் சேர்ந்த வூவ்ரே தெமி-செக் என்ற வெள்ளை ஒயின் சரியாக வரும். மிளகு போட்ட வறுவலுக்கு ரொசே போதும்.

இவ்வளவும் எழுதுகிறவள் வேலையில் ருசித்த ஒயினில் பெரும்பகுதியைத் துப்பித்தான் இருக்கிறேன் என்பதையும் நினைவில் வை. வாரத்துக்குப் பத்துக் கிளாஸுக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், தொடாத நாளும் வாரத்தில் இருக்கட்டும் என்று இந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்கிறது. அந்தக் கிளாஸ் 10 சென்டிலிட்டர்தான், உன் நண்பர்கள் ஊற்றும் கிளாஸ் அல்ல. வெயிலில் தாகத்துக்கு ஒயின் குடிக்கக் கூடாது. முதலில் வயிறு நிறையத் தண்ணீர், பிறகு ஒயின், ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் மறுபடி தண்ணீர்.

அப்பாவின் பட்டாளத்து நண்பர் அடுத்த வாரம் காரில் பாரிஸ் வருகிறார். அவரிடம் ஆறு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன்: நான்கு ரொசே, ஒரு கஸ்ஸி வெள்ளை, ஒரு பந்தோல். காரின் பின்பெட்டியில் வெயிலில் விடாமல் காலுக்கடியில் வைத்துக் கொண்டுவரும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். வந்ததும் ஒரு நாள் அசையாமல் விட்டுப் பிறகு திற. பந்தோலை மட்டும் தனியே எடுத்து வை, செப்டம்பரில் நாங்கள் வரும்போது அப்பா திறப்பார். தக்கை திருகி உன்னிடம் இல்லையென்றால் இப்போதே சொல், அதையும் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா