விசில் ஊதும் அண்ணன்மாருக்கு, கால்வலியோடு ஓடும் பிள்ளைகளைப் பற்றி

நம் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் நம் பிள்ளைகளை ஓடவைத்துத் தயார்செய்யும் அண்ணன்மாருக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

விடியற்காலை நாலரை மணிக்கு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவருகிறவர்கள் நீங்கள். பலர் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று சீருடையைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகளுக்கு அதைப் போட வழிகாட்டுவது நீங்கள்தான். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் அரியமான் கடற்கரையில் ஒரு தம்பி ஓடி முடித்து, மணலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி, மூன்று வாரமாக. “மாஸ்டர்கிட்ட சொன்னேண்ணே. ஓட ஓடச் சரியாயிரும்னாரு.” கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, எலும்பின் உள்பக்க விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே போனேன். ஒரு சாண் நீளத்துக்கு எங்கே தொட்டாலும் முகத்தைச் சுளித்தான்.

அதே வார்த்தையை 19 வருடத்துக்கு முன்னால் என்னிடமும் சொன்னார்கள். ஓட ஓடச் சரியாகிவிடும். நானும் தைலம் தேய்த்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினேன். ஒரு சாண் வலி மெல்லச் சுருங்கி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் வந்து நின்றது. குறைந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போதும் குத்த ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. உடல்தகுதித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எலும்பு முறிந்துவிட்டது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது.

பரவலாக வலித்தால் எலும்பைச் சுற்றிய சவ்வும் எலும்பும் சுமை தாங்காமல் திணறுகின்றன என்று அர்த்தம். ஓட்டத்தைக் குறைத்து, ஓடும் முறையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் வலி, படுத்தாலும் வலி என்றால் எலும்பில் கீறல் இருக்கலாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று பிள்ளையை மறுபடி கிரவுண்டில் இறக்கிவிடாதீர்கள். ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எலும்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, வலி வராமல் எப்படி ஓடவைப்பது?

நாம் எல்லோரும் ஓரத்தில் நின்று “எட்டி வைடா, எட்டி வை!” என்று கத்துகிறோம். நானும் கத்தியிருக்கிறேன். எட்டி வைக்கும்போது பாதம் முழங்காலைத் தாண்டி முன்னால் போய், கால் விறைத்தபடி குதிகால் தரையில் குத்துகிறது. ஓட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு எட்டிலும், அதாவது ஒவ்வொரு காலடியிலும், பிரேக் போடுவது மாதிரி. ஓடும்போது ஒரு கால் தரையில் விழுந்தால் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை அதில் இறங்கும். 60 கிலோ பையனுக்கு 120 முதல் 180 கிலோ. அந்த அடியும் பிரேக்கும் சேர்ந்து எலும்பிலும் முழங்காலிலும்தான் போய் உட்காருகின்றன.

அந்தத் தம்பியை ஓடவிட்டு, வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணினேன். 39. இரண்டு காலுக்கும் முழு நிமிடத்துக்குமாக நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 156 காலடி. அதே வேகத்தில் 41 முறை வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும் இல்லையா, அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் ஒவ்வொரு எட்டும் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் குறையும். நாலு விரல் அகலம். பாதம் தானாகவே உடம்புக்குக் கீழே வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ‘தப்பு தப்பு’ என்று கேட்ட சத்தம் பாதியாகிவிட்டது.

இது என் கைச்சரக்கு இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஹைடர்ஷைட்டும் குழுவினரும் 2011ல் வெளியிட்ட ஆய்வில், வேகத்தை மாற்றாமல் எட்டுகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலும் இடுப்பு மூட்டும் வாங்கும் சுமை குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் நிமிடத்துக்கு 180 காலடி வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் உலகத்தரமான ஓட்டக்காரர்களை எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு. நம் பிள்ளைக்கு இன்று வருவது எவ்வளவோ, அதற்கு மேல் ஐந்து சதவீதம் போதும்.

போனில் ஸ்லோமோஷனில் பக்கவாட்டிலிருந்து ஒரு முறை, பின்னாலிருந்து ஒரு முறை படம் எடுங்கள். இடுப்பை மடக்கிக் குனிகிறானா, கைகள் நெஞ்சைத் தாண்டிக் குறுக்கே போகின்றனவா, இரண்டு பாதமும் கயிற்றில் நடப்பதுபோல் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று பாருங்கள். ஒரே கோட்டில் விழுந்தால் கால் எலும்பை வளைக்கப் பார்க்கும் சுமை அதில் ஏறும். பாதங்களை இரண்டு விரற்கடை தள்ளி வைக்கச் சொன்னால் போதும். அவனுக்கும் காட்டுங்கள். நாம் பத்து நாள் சொல்லிப் புரியாதது அவனுக்கு அதைப் பார்த்ததும் புரியும்.

அப்புறம் நம் மணல். மணலில் ஓடினால் கால் இரும்பாகும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். பொதபொதவென்ற மணலில் ஓட, கெட்டித்தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. குதிகால் உள்ளே புதைவதால் கெண்டைச்சதையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் இழுபடும். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் என்றால் நல்லது. தினமும் வேண்டாம். கடல் உள்வாங்கிய நேரத்தில் ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். போன வழியே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தச் சமமும் கிடைக்காது. எதிரே வரும் வண்டியைப் பார்த்து வலது ஓரமாக ஓடுவதுதான் பத்திரம், ஆனால் தண்ணீர் வடிய ஓரம் சரிவாக இருப்பதால் போகும்போதும் வரும்போதும் வலது கால்தான் பள்ளத்தில். பள்ளிக்கூட கிரவுண்ட் இருந்தால் அங்கே ஓடவிடுங்கள், பாதி நாள் சுற்றைத் திருப்பிவிடுங்கள்.

“ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடித்தானே டோக்கியோ ஒலிம்பிக் போனார்” என்று ஒரு அண்ணன் கேட்டார். மதுரை சக்கிமங்கலத்துப் பெண் அவர், ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர், உண்மைதான். ஆனால் சிறுவயதிலிருந்து வெறுங்காலில் பழகிய பாதம் வேறு. பத்து வருடம் ஷூ போட்ட பையனைத் திடீரென்று கழற்றி ஓடச்சொன்னாலோ, முன்பாதத்தால் மட்டும் ஊன்றச் சொன்னாலோ, முழங்கால் தப்பிக்கும், கெண்டைக்காலும் பாத எலும்பும் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றுதான் எனக்கு ரொம்ப வருத்தம். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் கூட்டம் கிரவுண்டுக்கு வருகிறது. அதுவரை படிப்பு, பிறகு திடீரென்று தினமும் எட்டு கிலோமீட்டர். புதுச்சுமை வந்தால் எலும்பு முதலில் தன்னைக் கொஞ்சம் அரித்துவிட்டு, பிறகுதான் புது எலும்பை வைத்துக் கட்டும். அந்த இடைவெளியில், மூன்றாவது நாலாவது வாரத்தில், அது மெலிந்திருக்கும். நாம் சரியாக அப்போதுதான் ஓட்டத்தை ஏற்றுகிறோம். விண்ணப்பம் போட்ட அன்றே வாரம் மூன்று நாள் மெதுவோட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். வீட்டுப் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சியையும் அன்றே தொடங்கலாம்.

காவலர் தேர்வில் பெண்பிள்ளைகளுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அதற்காகச் சாப்பாட்டைப் பாதியாக்கி எடை குறைக்கிறார்கள். சாப்பிடாமல் ஓடினால் மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும், அதோடு எலும்பும் பலவீனமாகும். நம்மிடம் அதைச் சொல்லமாட்டார்கள். ஊரில் உள்ள ஒரு அக்காவை, நர்ஸ் யாராவது இருந்தால் அவரை, மாதம் ஒரு தடவை வந்து பேசச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி பத்து நாள் ஓடாமல் இருந்தான். இப்போது 41 எண்ணிக்கையில் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று கிலோமீட்டர் ஓடுகிறான். கட்டைவிரலால் அழுத்தினால் இன்னும் இரண்டு விரல் நீளத்துக்கு வலி இருக்கிறது, அதனால் வேகத்தை ஏற்றவில்லை. சனி, ஞாயிறு காலை ஐந்தரைக்கு அரியமானில் இருப்பேன். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எண்ணிப் பார்ப்போம். வர முடியாவிட்டால் ஆளனுப்புங்கள், நான் உங்கள் கிரவுண்டுக்கு வருகிறேன்.