மெதுவாக நகரும் இடத்தில் கத்தரி வைக்காதீர்கள்

அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களுக்குப் பணம் போடும் தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை விற்பவர்கள் என்று ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நீங்கள் அமைக்கும் குழுதான் பெரும்பாலான தொடர்களுக்கு முதலாளி. ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைகிற ஸ்டூடியோ பல சமயம் கூலிக்கு வேலை செய்கிற இடம்தான். ஒரு கதைக்கு எத்தனை எபிசோடு என்பது உங்கள் மேசையில் முடிவாகிறது. அதனால் இயக்குநருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2021 மார்ச்சில் ‘தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்’ இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடை நானும் அக்கா மகளும் சேர்ந்து பார்த்தோம். அவள் அதன் மூலமான மாங்காவின், அதாவது ஜப்பானியக் காமிக்ஸின், இருபது தொகுதிகளையும் படித்து முடித்தவள். முடிவை நெருங்கும்போது அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. மாங்காவில் தொகுதி தொகுதியாக நடந்ததெல்லாம் கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோல் ஓடி மறைந்தது. அவள் கோபப்படவில்லை. “யூகோ வரவே இல்லையே மாமா” என்று மட்டும் சொன்னாள்.

யூகோ யாரென்று உங்களுக்குத் தெரியும், பார்வையாளர்களில் பலருக்குத் தெரியாது. அநாதை இல்லம் என்று நம்பவைத்து, அரக்கர்களுக்கு உணவாகக் குழந்தைகளை வளர்க்கும் பண்ணையிலிருந்து தப்பும் குழந்தைகள் ஒரு நிலவறையைக் கண்டுபிடிக்கிறார்கள். மாங்காவில் அங்கே ஒருவன் இருக்கிறான். இவர்களைப் போலவே வேறொரு பண்ணையிலிருந்து தப்பி வந்தவன். கூட வந்த நண்பர்களை எல்லாம் பறிகொடுத்துவிட்டு 13 வருடம் தனியாக இருந்து மனம் சிதைந்தவன். முதலில் துப்பாக்கியை நீட்டுகிறான், பிள்ளைகளைத் துரத்தப் பார்க்கிறான். குழந்தைகளுக்குத் தலைமை தாங்கும் எம்மா தோற்றிருந்தால் என்னவாகியிருப்பாள் என்பதற்கு அவன்தான் கண்ணாடி. அவனை எழுந்து நிற்கவைப்பது கோல்டி பாண்ட் என்கிற வேட்டைக்காடு. அரக்கர்கள் பொழுதுபோக்காகக் குழந்தைகளை வேட்டையாடும் இடம், இருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். அனிமேயில் நிலவறை காலியாகக் கிடக்கிறது. அவனும் இல்லை, கோல்டி பாண்டும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். முதல் சீசனில் 37 அத்தியாயங்களுக்கு 12 எபிசோடு. இரண்டாவதில் மிச்சமிருந்த 144 அத்தியாயங்களுக்கு 11. மூலக்கதை எழுதிய காயு ஷிராயே இரண்டாம் சீசனின் கதையமைப்பில் பங்கெடுத்தார். அவரே உட்கார்ந்தாலும் படி அரிசியை ஆழாக்கில் அளக்க முடியுமா?

முதல் சீசனை நாங்கள் கொண்டாடியதற்குக் காரணம் அதில் இருந்த நிதானம். கானி என்கிற சிறுமி தத்துப் போகும் இரவில் தன் முயல் பொம்மையை மறந்துவிட்டுப் போகிறாள். அதைக் கொடுக்க எம்மாவும் அவள் நண்பன் நார்மனும் வாசல்வரை போகிறார்கள். வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பொம்மை அதுவரை ஒரு குழந்தையின் கையில் இருந்ததை நாம் பார்த்திருப்பதால்தான் அவள் வண்டிக்குள் பிணமாகக் கிடப்பது நெஞ்சில் இறங்குகிறது. அவசரக்காரர் கையில் முதலில் வெட்டுப்படுவது அந்தப் பொம்மை இருக்கும் காட்சிகள்தான்.

மாங்காவை வரிக்கு வரி எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2003இல் வந்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ மாங்கா முடியும் முன்பே தன் வழியில் பிரிந்துபோய்ச் சொந்தமாக ஒரு முடிவைக் கட்டியது. அதற்கு 51 எபிசோடு இருந்தது. 2009இல் மாங்காவைப் பின்தொடர்ந்து வந்த இன்னொரு தொடருக்கு 64. இரண்டையும் இன்றுவரை எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பேசுகிறோம்.

2023இல் ‘வின்லாண்ட் சாகா’ இரண்டாம் சீசன் வந்தபோது சண்டை எங்கே என்று பலர் கேட்டார்கள். முதல் சீசன் முழுக்கக் கத்தியும் ரத்தமும். இரண்டாவதில் கதாநாயகன் தோர்ஃபின் அடிமையாக ஒரு பண்ணையில் காட்டைத் திருத்துகிறான், வேரோடு கட்டையைப் பிடுங்குகிறான், கோதுமை முளைப்பதைப் பார்க்கிறான். வாரக்கணக்கில் இதேதான். இதைச் சுருக்கச் சொல்லி உங்களில் யாராவது கேட்டிருக்கலாம். அப்படி நடக்கவில்லை, 24 எபிசோடும் கொடுத்தீர்கள். கடைசியில் நூறு குத்துகளை வாங்கிக்கொண்டு, தனக்கு எதிரிகளே இல்லை என்கிறான் தோர்ஃபின். 2019இல் வந்த முதல் சீசனில் அவன் அப்பா தோர்ஸ் அவனிடம் சொன்னதுதான் அது. அப்போது எங்களுக்கும் புரியவில்லை, அவனுக்கும் புரியவில்லை. நான்கு வருடம் கழித்து அந்த ஒரு வரிக்கு நான் அழுததற்கு அந்த வயல்தான் காரணம்.

அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஃப்ரீரென்’ தொடங்கியபோது முதல் நான்கு எபிசோடுகளை ஒரே இரவில் இரண்டு மணி நேரமாக ஒளிபரப்பினீர்கள். கூடப் பயணித்த வீரன் ஹிம்மலின் சவ அடக்கத்தில், இந்த மனிதனைத் தெரிந்துகொள்ள முயலவே இல்லையே என்று அழும் ஃப்ரீரென், பல நூறு வருடம் வாழும் அந்த எல்ஃப் இனத்தவள், பிறகு என்ன செய்யப் போகிறாள் என்று காட்ட அந்த நேரம் தேவைப்பட்டது. உங்களுக்கு இது செய்யத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் கேட்கிறேன்.

பணம் போதவில்லை, முதல் சீசன் நினைத்த அளவு விற்கவில்லை என்றால் பாதியில் நிறுத்துங்கள். எங்களுக்கு வருத்தம்தான், ஆனால் தாங்கிக்கொள்வோம். ‘பிளீச்’ 2012இல் 366 எபிசோடோடு நின்றது, 2022இல் விட்ட இடத்திலிருந்து திரும்பி வந்தது. பத்து வருடம் காத்திருந்தோம். நின்றுபோன கதைக்குத் திரும்பி வரவாவது ஒரு வாசல் இருக்கிறது. ஆல்பமாகப் புரட்டி முடித்துவிட்ட கதைக்கு அதுவும் இல்லை.

ஆனால் உடைத்துத் திறக்க வழி இருக்கிறது. 2001இல் 26 எபிசோடோடு நின்ற ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’டை 2019இல் முதலிலிருந்து ஆரம்பித்து, 63 எபிசோடில் முழுக்கதையையும் சொல்லி முடித்தார்கள். ‘நெவர்லேண்ட்’டுக்கு அவ்வளவுகூட வேண்டாம். முதல் சீசன் அப்படியே இருக்கட்டும். 38ஆம் அத்தியாயத்திலிருந்து மறுபடி எடுங்கள். அந்த நிலவறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தமிழ் ரசிகன்