செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், இன்று பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். நீல டிக் விழுந்தாலே போதும்.

குடியரசு தினக் கொடியேற்றம், தேசிய அறிவியல் தின வினாடி வினா இரண்டும் வழக்கம்போல் நடந்தன. சில்வர் பீச்சில் வான்நோக்கு இரவும் நடந்தது, அன்று மேகமூட்டம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை "உருகாமல் ஓடும் பாறை" என்ற கூட்டத் தொடர். இது மன்றத்தின் வேலையல்ல, செயலாளரின் சொந்த ஆசை என்று ஒரு பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலுக்குக் கீழே எரிமலைக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம், பாடம் நடத்துகிறவர்கள் உட்பட. பூமியின் மேலோட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் ஏறக்குறைய முழுதும் திடப்பொருள். நிலநடுக்கத்தில் கிளம்பும், திரவத்துக்குள் போக முடியாத எஸ் அலைகள் அதற்குள் தாராளமாகப் போகின்றன. வேறு சாட்சி தேவையில்லை. அப்படியிருந்தும் அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது.

எப்படி என்று காட்ட, பழைய குண்டு பல்பு ஒன்றைப் பூதக்கண்ணாடியோடு வைத்தேன். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டை எட்டாமலேயே, நாள்பட எரிந்த இழை தொய்ந்துபோகிறது. மேல் கவசத்தின் முக்கியக் கனிமமான ஆலிவினும் சுமார் 1,300 டிகிரியில் அப்படித்தான் வளைந்துகொடுக்கிறது. அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, படிகத்தில் காலியாகக் கிடக்கும் இடங்கள் வழியாக அணுக்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவது. பாறையின் படிக மணிகள் பொடியாக இருந்தால் வேகம் கூடும். மற்றது, படிக அடுக்கில் கோடுபோல் ஓடும் குறைகள் வழுக்கிச் செல்வது. இதில் பாறையை நெளிக்கும் விசையை இரட்டிப்பாக்கினால் வேகம் பத்து மடங்குக்கு மேல் எகிறும். ஏற்கெனவே உள்ள சூட்டோடு இன்னும் 100 டிகிரி சேர்ந்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். துளி நீர் படிகத்துக்குள் புகுந்தால் கனிமம் இன்னும் இளகும்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 2004 சுனாமியைப் பார்த்த ஊர் நம்முடையது. அந்த நிலநடுக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஆனால் அந்தமானில் நிலம் அதன் பிறகும் பல ஆண்டுகள் நகர்ந்துகொண்டிருந்ததை ஜிபிஎஸ் கருவிகள் பதிவு செய்தன. அதற்கு ஒரு காரணம், அடியில் உள்ள கவசம் மெல்ல நெளிந்து இறுக்கத்தைத் தணிப்பதுதான். இதைக் கேட்டதும் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப பூமி இன்னும் அடங்கலையா தம்பி?" என்றார். தொடரிலேயே நல்ல கேள்வி அதுதான். கேட்டவர் நம் உறுப்பினர் அல்ல.

நம் உறுப்பினர்கள் எங்கே போனார்கள்? முதல் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. கடைசிக் கூட்டத்தில் நான், பொருளாளர், தேநீர் கொண்டுவந்த பையன், அப்புறம் முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர். செயற்குழுவில் "செய்யலாமே" என்று கை தூக்கியவர்களில் பாதிப் பேர் மண்டபப் பக்கமே வரவில்லை. ஆலிவின் நிறைந்த டியூனைட் கல்லைச் சேலம் மேக்னசைட் சுரங்கப் பகுதியிலிருந்து கொண்டுவந்த பஸ் செலவை நான் மன்றக் கணக்கில் எழுதவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

வரவு செலவு ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி கணிசமாக நிற்கிறது. இரண்டு ஆண்டாகத் தராதவர்களின் பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், மைக் செட்காரருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு 660 கி.மீ. ஆழத்துக்கும் கீழே போக விருப்பம். அங்கே ஆலிவின் கிடையாது. பிரிட்ஜ்மனைட் என்ற கனிமம்தான் ஆட்சி செய்கிறது, அது இன்னும் பிடிவாதமாக நகர்வது. ஆனால் இப்படியே ஒருவராக இழுத்துக்கொண்டு போக முடியாது. பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் சாவி, கல், பல்பு மூன்றையும் இன்றைக்கே ஒப்படைக்கத் தயார். யாரும் வரவில்லையென்றால், சரி, நானே பார்க்கிறேன். சந்தா மட்டும் வரட்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், ஜிபேயும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்
கடலூர்