ஓக்லாண்டு கல்லறைத் தோட்டத்திலிருந்து அப்பாவுக்கு

அட்லாண்டா, அமெரிக்கா,
அக்டோபர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பழக்கியபடி தாளின் தலையில் சிலுவைக்குறி போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். இங்கே நான் நலம். அம்மா, அப்பாயி, தம்பி எல்லாரும் நலந்தானே? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. மீதியை அம்மா உரக்கச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் இது உங்கள் கைக்குக் கிடைத்துவிட வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரவு வேலை முடிந்து ரயிலில் திரும்பும்போது கிங் மெமோரியல் நிலையத்தைத் தாண்டியதும் ஜன்னலில் ஒரு பெரிய கல்லறைத் தோட்டம் தெரியும். பெயர் ஓக்லாண்டு. வந்த புதிதில் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன். வார்டில் ஒருவர் கண்ணெதிரே போய்ச் சேர்ந்த இரவுகளில் கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லிவிடுவேன். போன மார்ச்சில் ஒரு விடுமுறை நாளன்று ஏனோ இறங்கி உள்ளே நடந்தேன். வாசல் செங்கல் வளைவில் 1896 என்று இருந்தது. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது மண். அப்படியே நம் ஊர்ச் செம்மண், அப்பா. மழை பெய்தால் செருப்பில் அப்பிக்கொண்டு வீடுவரை வருகிற அதே மண். அன்று இரண்டு மணி நேரம் இருந்தேன். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கேதான் போகிறேன். கல் கழுவுகிற தன்னார்வலர்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நவம்பர் பிறப்பதற்குள் நீங்கள் எங்களை அழைத்துப்போய்ப் புல் செதுக்கி, தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவைப்பீர்கள் இல்லையா? இங்கே சுண்ணாம்பு கிடையாது. கம்பி பிரஷ் கூடாது, பிளீச்சிங் பவுடர் கூடாது. தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் மட்டும். முதலில் கல்லை நன்றாக நனைக்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு கோடாகக் கறை பிடித்துவிடும். பழைய சலவைக்கல் வெயிலிலும் மழையிலும் அரித்துப்போய், விரலால் தொட்டாலே சர்க்கரை போல உதிர்கிறது. ஊசி போடும்போது குழந்தையின் கையைப் பிடிப்பது போலத்தான் பிடிக்கிறேன்.

போன முறை எனக்குக் கொடுத்தது முழங்கால் உயரக் கல். மேலே ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருக்கிறது. இந்த ஊரில் ஆட்டுக்குட்டி என்றால் உள்ளே இருப்பது குழந்தை. பாசி அடர்ந்து எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் நனைத்து நனைத்துத் தேய்த்தபின் ஓர் எழுத்து, பக்கத்தில் இன்னோர் எழுத்து என்று மேலே வந்தது. கடைசியில் ‘எங்கள் பிள்ளை’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது போலும். பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள் நான். அந்தத் தாய் எத்தனை நாள் இங்கே வந்து உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டு ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டேன்.

இந்தத் தோட்டம் 1850இல் ஆறு ஏக்கரில் தொடங்கியது. இன்று 48 ஏக்கர், ஏறக்குறைய 70,000 பேர். அட்லாண்டாவின் மேயர்கள், ஜார்ஜியாவின் ஆளுநர்கள், பஞ்சாலைத் தொழிலாளிகள் எல்லாரும் ஒரே மண்ணில். யூதர்களுக்குத் தனிப் பகுதி. அங்கே கற்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. மோசேயும் தாவீதும் படித்த எபிரேய மொழியைக் கல்லில் வெட்டிய எழுத்தாக முதல்முறை அங்கேதான் பார்த்தேன், உங்களை நினைத்துக்கொண்டேன். பாபி ஜோன்ஸ் என்ற பெரிய கோல்ஃப் வீரரின் கல்லில் வருகிறவர்கள் கோல்ஃப் பந்துகளைக் காணிக்கை போல வைத்துவிட்டுப் போகிறார்கள். நாவலாசிரியை மார்கரெட் மிட்செலின் கல்லறையை வெளியூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு வருவார்கள். 1949இல் கார் மோதி இறந்தவர். கறுப்பின மாணவர்கள் மருத்துவம் படிக்க வெளியில் சொல்லாமல் பணம் கொடுத்தவர் என்று தெரிந்தபின் நானும் அந்த வழியாகப் போனால் நின்று ஒரு மந்திரம் சொல்கிறேன்.

படைவீரர்களின் பகுதி தனி. அடிமை முறைக்காக வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரில், 1864 ஜூலையில் இந்த ஊரைப் பிடிக்கச் சண்டை நடந்தபோது, தென்படைத் தளபதி ஹூட் இந்தத் தோட்டம் இருக்கும் மேட்டில் அன்று நின்ற ஒரு மாடி வீட்டிலிருந்துதான் போரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏறக்குறைய 6,900 தென்படை வீரர்கள் இங்கே கிடக்கிறார்கள். சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள், நாற்று நட்டது போல வரிசை. அவர்களில் சுமார் 3,000 பேர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவர்களுக்காக 1894இல் ஒரே சலவைக்கல்லில் சாகிற சிங்கம் ஒன்றைச் செதுக்கி வைத்திருந்தார்கள். அடிமை முறையைக் காக்கப் போன படைக்கு இப்படி மரியாதை எதற்கு என்ற கேள்வி பெரிதாகி, 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். 65 அடிக் கல்தூண் மட்டும் நிற்கிறது. இறந்துபோன பையன்களுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பதினெட்டு, இருபது வயது. ஆனால் சிங்கம் போனது சரி என்றே நினைக்கிறேன். ஏன் என்று தெரிந்துகொள்ளத் தோட்டத்தின் கறுப்பினப் பகுதிக்குத்தான் போக வேண்டும்.

ஆரம்பத்திலேயே கறுப்பினத்தவர்களைப் பின்கோடியில்தான் புதைக்க வேண்டும் என்று நகரசபை சட்டம் போட்டது. அந்த இடத்துக்கு ‘அடிமைச் சதுரம்’ என்றே பெயர். தோட்டம் பெருகப் பெருக, பின்கோடி நடுப்பகுதி ஆகிவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கு இடம் போதவில்லை. 1877இல் நகரசபை என்ன செய்தது தெரியுமா, அப்பா? அடிமைச் சதுரத்தில் இருந்த உடல்களைத் தோண்டி எடுத்து, கறுப்பின ஏழைகளைப் புதைக்கும் நிலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. காலியான குழிகளை வெள்ளையர்களுக்கு விற்றது. உயிரோடு இருந்தபோது விற்கப்பட்டவர்கள். செத்தபின் படுத்திருந்த குழியிலிருந்தும் கிளப்பப்பட்டார்கள். கூட்டிக்கொண்டு சுற்றிய வழிகாட்டி அம்மாள் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பகுதியில் 12,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். போய் நின்றால் பாதி இடம் வெறும் புல்தரை. கல் வைக்க வசதி இல்லாதவர்கள் மரப்பலகையில் பெயர் எழுதினார்கள், செடி நட்டார்கள். பலகை மக்கிப்போனது, செடி காட்டோடு காடானது. சில ஆண்டுகளுக்கு முன்பு பூமிக்குள் பார்க்கிற ரேடாரை இழுத்துக்கொண்டு போய்த் தேடியபோது, மேலே எந்த அடையாளமும் இல்லாத 800க்கும் மேற்பட்ட கல்லறைகள் கீழே தெரிந்தனவாம். வேலையெல்லாம் முடித்து 2022இல் அந்தப் பகுதியைச் சீராக்கித் திறந்திருக்கிறார்கள். எங்கே ஆள் இருக்கிறார் என்பது இப்போது தெரிகிறது. யார் என்பதைத்தான் எந்தக் கருவியாலும் சொல்ல முடியவில்லை.

இந்த அவமானம் பொறுக்காமல் முன்பு அடிமைகளாக இருந்த சிலர் 1886இல் ஊருக்குத் தெற்கே சவுத்வியூ என்று தங்களுக்கே ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்துக்கொண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கை 1968இல் முதலில் அடக்கம் செய்தது அங்கேதான். பிறகுதான் அவர் போதித்த கோயிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஓக்லாண்டிலும் இன்று காலம் மாறியிருக்கிறது. அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர் மேனார்டு ஜாக்சன் 2003இல் இறந்தபோது அவருக்கு இங்கேதான் இடம் கொடுத்தார்கள். பெட்டியும் கையுமாக நான் வந்திறங்கிய விமான நிலையத்தின் பெயரில் பாதி அவருடைய பெயர்.

ஆனால் எனக்கு மனம் ஒட்டிக்கொண்டது இன்னொருவரிடம். கேரி ஸ்டீல் லோகன். அடிமையாகப் பிறந்தவர், சிறு வயதிலேயே தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர். அட்லாண்டா ரயில் நிலையத்தில் பணிப்பெண்ணாக இருந்தார். யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தைகள் நிலையத்தில் கிடக்கும். பகலில் காலியான ஒரு சரக்குப் பெட்டியில் அவர்களை வைத்துப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் தம் வீட்டுக்குக் கூட்டிப்போவார். வீடு கொள்ளாமல் போனதும், தம் வாழ்க்கைக் கதையைச் சிறு புத்தகமாக எழுதி விற்றுப் பணம் சேர்த்தார். 1888இல் அனாதை இல்லத்தை முறைப்படி பதிவு செய்தார். 1892இல் செங்கல்லில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. 1900இல் இறந்தார். அந்த இல்லம் இன்றைக்கும் நடக்கிறது. அவர் கல்லில் ‘அனாதைகளின் தாய்’ என்று வெட்டி, அதன்கீழ் மாற்கு நற்செய்தியிலிருந்து ஒரு வசனம் போட்டிருக்கிறார்கள். பரிசுத்த வாரத்தில் நீங்கள் வாசிக்கிற பகுதிதான்: ‘இவர் தம்மால் இயன்றதைச் செய்தார்.’ ஆங்கிலத்தில் படித்தேன், காதில் உங்கள் குரலில் கேட்டது.

அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் நம் ஊர் மருத்துவச்சி நினைவுக்கு வந்தார்.

என்னை எடுத்தவர். தம்பியை எடுத்தவர். நான் பிறந்த அன்று ஆற்றில் வெள்ளம், பஸ் இல்லை, டாக்டர் இல்லை, கொடி சுற்றிக்கொண்டு நான் நீலம் பாய்ந்து வந்தேன் என்று அப்பாயி சொல்லாத நாள் இல்லை. அவர் மட்டும் இல்லையென்றால் எனக்கும் பெயர் வைப்பதற்கு முன்பே ஆட்டுக்குட்டிதான். பிரசவ வார்டில் சிக்கலான கேஸ் வரும்போதெல்லாம் எதுவும் இல்லாமல் வெறுங்கையால் அவர் எப்படிச் செய்தார் என்று நினைத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் பின்வாசலில் அவர் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுவது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பின்வாசலில் மட்டும்தான். முன்வாசல் வழியாக அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

அவர் இறந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். நீங்கள் கோயில் வேதியராகச் செபம் சொல்லப் போனீர்கள். பின்னாலேயே வந்த என்னைக் கல்லறையின் நடுச்சுவருக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டீர்கள். தாத்தா இருக்கிற பக்கத்துக்கு இரும்புக் கேட், நிழலுக்கு வேப்பமரம். அந்தப் பக்கத்துக்கு ஓடைக்கரை வழியாகச் சுற்றிப் போக வேண்டும், அன்று முழங்கால் வரை தண்ணீர் கிடந்தது. சுவருக்கு மேலே உங்கள் தலையும் தூபப் புகையும் மட்டும் தெரிந்தன. ஏன் இந்தச் சுவர் என்று அன்றைக்கு உங்களைக் கேட்கவில்லை. இருபத்து நான்கு வருடம் கழித்து, கடல் தாண்டி வந்து, வேறு யாரோ யாருக்கோ செய்ததைப் பார்த்தபின்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அப்பா. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. வெள்ளத்தில் இறங்கிச் சுற்றிப் போய்ச் செபம் சொன்னவர் நீங்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சுவரை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லாரும் மருத்துவச்சி என்போம், கூப்பிடும்போது ஏய் என்போம். போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், அம்மாவுக்கும் தெரியவில்லை. அப்பாயிக்கு இரண்டு பெயர் வருகிறது, இரண்டும் அவருடைய அக்கா தங்கை பெயர்களாம். ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்றவர். கோயில் மரணப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசியோ கார்த்திகையோ, மழைக்காலம். அந்த வருடத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். புதிய சாமியாரிடம் முறையாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கொடுப்பார்.

இதோடு கொஞ்சம் பணம் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன். ஒரு கல் வெட்டக் காணும். முதலில் அவர் மகன் வழிப் பேரன்களைக் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் மட்டும், அவர்கள் சொல்கிற மாதிரி வெட்டினால் போதும். நம் வீட்டுப் பெயர் எதுவும் அதில் வர வேண்டாம். குழி எந்த இடம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள்தான் தலைமாட்டில் நின்றீர்கள். நம் வீட்டில் எத்தனை பேரை எடுத்தார் என்றும் அப்பாயியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

இரண்டாம் தேதி சாயங்காலம் தாத்தாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியபின், அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரை வழியாகச் சுற்றி அந்தப் பக்கமும் போய்வாருங்கள். தண்ணீர் கிடந்தால் பார்த்துப் போங்கள், உங்கள் முழங்கால் முன்பு போல் இல்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

பதில் எழுதும்போது அவர் பெயரை, பதிவேட்டில் உள்ளபடி முழுதாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்