மிலானில் இருக்கும் மகனுக்கு

சேசு மரி சூசை

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு போனில் "பூசைக்குப் போனாயா?" என்று கேட்டேன். நீ பேசாமல் இருந்தாய். நானும் பேச்சை மாற்றிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. கண்டிக்க எழுதவில்லை ராசா.

நீ இருக்கும் ஊரில்தான் கார்லோ அக்குதிஸ் வளர்ந்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை லியோ அவனைப் புனிதராக அறிவித்ததை அப்பாவும் நானும் டிவியில் பார்த்தோம். 'அவன்' என்றுதான் வாயில் வருகிறது. 15 வயதில் போய்விட்ட பிள்ளை. அசிசியில் அவன் உடலைக் கிடத்தியிருக்கும் படத்தைப் பார்த்தேன். ஜீன்ஸ், காலில் ஷூ. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் கழற்றிப் போடும் ஷூ ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

கார்லோ ஏழு வயதில் புதுநன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை அப்பம், வாங்கியவன். எப்போதும் இயேசுவோடு இணைந்திருப்பதே என் வாழ்க்கைத் திட்டம் என்றான். அதற்காகக் கம்ப்யூட்டரைத் தூக்கி எறியவில்லை. நற்கருணையில் நடந்ததாகச் சொல்லும் அற்புதங்களைத் திரட்டி அதிலேயே இணையதளம் செய்தான். தினமும் பூசை; கோவிலில் நற்கருணை வைத்திருக்கும் பேழை முன்னால் கொஞ்ச நேரம் இருப்பு. வெயிலில் நின்றால் உடம்பு நிறம் மாறுகிறது, நற்கருணை முன் இருந்தால் புனிதராகிறோம் என்பானாம். உப்பளத்தில் வேலை பார்த்த உன் தாத்தாவின் முதுகு எனக்குக் கண்ணில் நிற்கிறது. அந்த நிறத்துக்காக அவர் எதுவும் செய்யவில்லை. வெயிலில் நின்றார், அவ்வளவுதான்.

கார்லோவின் அம்மா அந்தோனியா கோவில் பக்கமே அதிகம் போகாதவர். மகன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல்தான் விசுவாசத்தைப் படிக்கத் தொடங்கினார். நீயும் சின்ன வயதில் கேள்வி கேட்டாய். "பேசாமல் செபமாலை சொல்லு" என்று அடக்கிவிட்டேன். அது என் தப்பு, ஐயா. இப்போது கேள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைச் சேர்ந்து தேடுவோம்.

2006 அக்டோபர் 12, மொன்சா ஆஸ்பத்திரியில், இரத்தப் புற்றுநோயால் கார்லோ போய்விட்டான். சில நாள் படுக்கைதான். அந்த வேதனையையும் திருத்தந்தைக்காகவும் திருச்சபைக்காகவும் ஒப்புக்கொடுத்திருக்கிறான். அவன் கதையை இந்த இடத்துக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

அவனுடைய பங்குக்கோவில் சாந்தா மரியா செக்ரேத்தா அங்கேதான் இருக்கிறது. ஒரு நாள் வேலை முடிந்ததும் போய்ப் பத்து நிமிஷம் உட்கார். செபம் வராவிட்டாலும் சரி, சும்மா உட்கார். போனை அணைத்துவிடு. நான் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா