பெயர்ப் பலகையும் கடுகெண்ணெயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகள் பெருகிவிட்டதாகவும், அவற்றை அகற்ற வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருந்தார். தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பதில் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதன் கீழே இன்னொரு எழுத்து இருப்பதே குற்றம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்தப் பலகைகளைத் தேடுகிறவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள் அல்லர். மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் இங்கே ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையின் பெயர் கேட்டு, வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ரயிலில் இரவு பகலாகப் பயணம் செய்து, ஸ்கேன் உறையைக் கையில் இடுக்கிக்கொண்டு காட்பாடியில் இறங்குகிறவர்கள். மருந்துக் கடையையும் வாடகை அறையையும் தம் எழுத்தில் காணும்போது அவர்களுக்குப் பாதிக் கலக்கம் தீர்கிறது.

இதைச் சொல்லும் நானும் முன்பு அவர்கள் நிலையைப் புரிந்துகொண்டவன் அல்லன். தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியை நோயாளிகளின் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். தொடக்கத்தில் கடுகெண்ணெய் நெடி தாங்காமல், மாடியில் சமைக்கக் கூடாது என்று ஒரு குடும்பத்திடம் கண்டிப்பாகக் கூறிவிட்டேன். நோயாளிக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவிதான் மாடிக்குச் சென்று, அந்த அம்மையார் தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு மீன் நறுக்குவதைப் பார்த்துவிட்டு வந்து, “நம்ம அரிவாள்மணைதாங்க அது” என்றார். அவர்கள் மொழியில் அதன் பெயர் ஏறக்குறைய ‘போட்டி’ என்று ஒலிக்கும். நம் காதுக்குச் சண்டைக்கு அழைப்பது போல இருக்கிறது. பிறகு அந்தக் குடும்பத்தார், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக் கத்தரிக்காயை வட்டமாக அரிந்து, மஞ்சளும் உப்பும் தடவி, அதே கடுகெண்ணெயில் வறுத்து ஒரு தட்டு கீழே அனுப்பினார்கள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளவும் குழம்புக்கும் மட்டுமே கத்தரிக்காயை அறிந்திருந்த எங்கள் வீட்டில் இன்று அது வாரம் ஒருமுறை உண்டு.

பிற மொழிகளால் தமிழ் தேயும் என்ற அச்சத்துக்கும் நம் பழைய வட ஆற்காடு மாவட்டமே பதில் சொல்லும். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, இன்று ஆந்திரத்தில் இருக்கும் அந்த ஊரே வட ஆற்காட்டின் தலைமையிடம். குடியாத்தம் பக்கம் தெலுங்கும் வாணியம்பாடியில் உருதும் இன்றும் பல வீடுகளில் பேசப்படுகின்றன. அதே வாணியம்பாடியின் இஸ்லாமியக் கல்லூரியில்தான் கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். மாறாக, சிப்பாய்கள் எல்லோரும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டுமென்று நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்துப் புதுத் தலைப்பாகையைத் திணித்த கிழக்கிந்தியக் கும்பினி ஆணை, 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் சிப்பாய்க் கிளர்ச்சியில் போய் முடிந்தது என்பது வாசகர்கள் அறிந்ததே. கடைப் பலகை அவ்வளவு பெரிய விஷயம் அன்று. ஆனாலும் எனக்கு அது நினைவுக்கு வராமல் இல்லை.

ஆகவே இருக்கும் பலகைகளை அகற்றுவதை விடுத்து, காட்பாடி ரயில் நிலைய வாசலில் பேருந்து எண்களையும் ஆட்டோ கட்டணத்தையும் தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி வைக்குமாறு அதிகாரிகளைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோட்டப்பாளையம், வேலூர்.